கொள்ளு மணி அளவில் ஒரு நீலச் சிலந்தி: அடிக்கடி வருகிற கேள்விகள்

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. அங்கே மோட்டார் ரூமை ஒட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி. தண்ணீர் பாயும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அந்தச் செடியைப் பார்க்க ஆரம்பித்து, அப்புறம் அதில் இருக்கிற ஒரு குட்டிச் சிலந்தியை மட்டும் பார்க்க ஆரம்பித்து, இப்போது சொந்தக்காரர்கள், காய் பறிக்க வருகிறவர்கள், அக்கா பிள்ளைகள் எல்லோரும் எந்த எட்டுக்கால் பூச்சியைப் பார்த்தாலும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

இலை மேல நீலமா மின்னிட்டுக் குதிச்சு ஓடுதே, அது என்ன பூச்சி?

பூச்சி இல்லை, சிலந்தி. அறிவியல் பெயர் ஃபின்டெல்லா விட்டாட்டா. நீளம் 4, 5 மில்லிமீட்டர், அதாவது ஒரு கொள்ளு மணி அளவு, அவ்வளவுதான். கறுப்பு உடம்பின் குறுக்கே வெள்ளியும் நீலப்பச்சையும் கலந்த பட்டைகள் ஓடும், கால்கள் வெளிறி இருக்கும். நிழலில் பார்த்தால் ஏதோ கறுப்புப் புள்ளி என்றுதான் தோன்றும். வெயில் ஒரு கீற்று மேலே விழுந்தால் போதும், மயில் கழுத்தைக் கிள்ளி இலைமேல் வைத்த மாதிரி ஆகிவிடும். முதல் தடவை பார்த்தபோது யாரோ புடவையிலிருந்து ஜிகினா உதிர்ந்திருக்கிறது என்று நினைத்து எடுக்கப் போனேன், அது திரும்பி என்னைப் பார்த்தது.

விட்டாட்டா என்பது லத்தீன் சொல், நாடா கட்டியது என்று பொருள். 1846இல் கோச் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர். இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரைக்கும் இந்தச் சிலந்தி உண்டு, அதனால் நம்ம ஊர் தனிச்சொத்து என்று மார்தட்ட முடியாது.

தமிழில் என்ன பேர்?

இந்த ஒரு இனத்துக்கென்று ஊர் வழக்கில் தனிப்பெயர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான். குடும்பத்துக்கு மொத்தமாகத் தாவும் சிலந்தி, குதிக்கும் சிலந்தி என்று எழுதுகிறார்கள். உலகத்தில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் அது, சிலந்திக் குடும்பங்களிலேயே பெரியது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் இதற்கு வைத்திருக்கிற பெயர் ஜிகினா. நானும் இங்கே அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கே, எப்போ பார்க்கலாம்?

காலை எட்டரையிலிருந்து பதினோரு மணிக்குள், வெயில் ஏறுகிற நேரத்தில். இடுப்பு உயரச் செடிகளைப் பாருங்கள்: கறிவேப்பிலை, செம்பருத்தி, எலுமிச்சை, வேலியோரத்து உண்ணிச்செடி. மாமரத்தில் தாழ்ந்த கிளைகளிலும் இருக்கும். இது பகலில் வேலை செய்கிற ஆள், பொழுது சாய்ந்தால் இலை மடிப்பில் பட்டுநூலால் ஒரு பை கட்டி உள்ளே போய்ப் படுத்துவிடும். பெண் சிலந்தி முட்டை வைத்துக் காவல் இருப்பதும் அப்படி ஒரு பைக்குள்தான். இரண்டு இலைகள் வெள்ளைநூலால் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துப் பார்க்காதீர்கள்.

கடிக்குமா? விஷமா?

அநேகமாக எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, இதுவும் அதை வைத்துத்தான் ஈயைக் கொல்கிறது. ஆனால் இந்த அளவுச் சிலந்தியின் பல் நம் தோலுக்குள் இறங்குவதே கஷ்டம். கையில் நூறு தடவையாவது ஏறியிருக்கும், ஒரு தடவைகூடக் கடித்ததில்லை. விரலால் நசுக்கினால் எதுவும் கடிக்கப் பார்க்கும், நசுக்காதீர்கள்.

கழிப்பறை இருக்கைக்கு அடியில் ஒளிந்திருந்து கடித்து ஆளையே கொன்றுவிடும் சிலந்தி என்று ஒரு மெசேஜ் சுற்றுமே, அதையும் பல பேர் அனுப்பியாகிவிட்டது. அது வாட்ஸ்அப் வருவதற்கு முன்னாலேயே, 2002 வாக்கில் மின்னஞ்சலில் சுற்றிய புரளி. அதில் மாட்டிக்கொண்ட பெயர் டெலமோனியா டிமிடியாட்டா, அதுவும் நம் தோட்டங்களில் இருக்கிற ஒரு தாவும் சிலந்திதான். பெண் வெளிர்மஞ்சளாக, முதுகில் இரண்டு சிவப்புக் கோடுகளோடு இருக்கும். அது இலையில் வாழ்கிற, மனிதருக்குத் தீங்கில்லாத ஒரு ஜீவன். கழிப்பறையில் அதற்கு என்ன வேலை?

எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பட்டால் கொப்புளம் வருமே?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். எங்கள் பெரியம்மா சாகும்வரை நம்பினார். காலையில் எழுந்தால் கழுத்திலோ கன்னத்திலோ கோடு போட்ட மாதிரி எரிச்சல், சிவப்பு, அடுத்த நாள் நீர்க்கொப்புளம். ராத்திரி எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்து மூத்திரம் விட்டுவிட்டது என்று முடிவு செய்து மஞ்சள், வேப்பிலை அரைத்துப் போடுவோம். பத்து நாளில் ஆறிவிடும், மருந்து பலித்துவிட்டது என்று அர்த்தம்.

இதில் சிலந்திக்குப் பங்கே இல்லை. பெரும்பாலும் இதைச் செய்வது ஒரு வண்டு. பேடரஸ் என்று பெயர், எறும்பு மாதிரி ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். மழைக்காலத்தில் டியூப் லைட்டைத் தேடி வரும். கழுத்தில் ஊரும்போது தூக்கத்தில் தட்டித் தேய்த்துவிடுவோம், நசுங்கிய உடம்பிலிருந்து பெடரின் என்ற நச்சு தோலில் தடவிவிடும். தேய்த்த திசையில்தான் கொப்புளமும் ஓடும், கோடு மாதிரி வருவது அதனால்தான். வண்டு மேலே இருந்தால் ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள்.

இன்னொன்று அக்கி. விலாவிலோ முதுகிலோ நெற்றியிலோ ஒரு பக்கமாக மட்டும் பட்டையாய்க் கொப்புளம் வந்து வலி பின்னி எடுத்தால் அது அக்கி, சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் படுத்திருந்து மறுபடி கிளம்புவது. அதற்கும் சிலந்தியைத்தான் திட்டுவார்கள். குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் சிங்கம் எழுதிக்கொள்வது உங்கள் விருப்பம், நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் போகிற வழியில் டாக்டரையும் பார்த்துவிடுங்கள். கொப்புளம் கிளம்பிய மூன்று நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன், கண் பக்கம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

சிலந்தி என்ற சொல்லுக்கே தமிழில் கட்டி, புண் என்றும் ஒரு பொருள் உண்டு. பழி எவ்வளவு பழையது பாருங்கள்.

இது வலை கட்டாதா? அப்போ ஒட்டடை யாருடையது?

ஒட்டடை வேறு ஆட்களுடைய வேலை. ஜிகினா வலை விரித்துக் காத்திருக்காது, பூனை மாதிரி பதுங்கிப் போய்ப் பிடிக்கும். ஒருநாள் பார்த்ததைச் சொல்கிறேன். கறிவேப்பிலைக் காம்பின் நுனியில் ஒரு சின்ன ஈ காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஜிகினா இரண்டு இலை தள்ளி. ஈ காலைத் தேய்க்கும்போது இது நகரும், ஈ நின்றால் இதுவும் நிற்கும். கடைசியில் ஒரு விரல்கடை தூரத்தில் உடம்பைத் தாழ்த்தி, பின்பக்கத்தை இலையில் ஒரு தடவை ஒற்றி எடுத்தது. ஒற்றியது எதற்கென்றால் நூல் முனையை ஒட்டுவதற்கு. அப்புறம் பாய்ச்சல். ஈயும் இதுவும் சேர்ந்து காம்பிலிருந்து கீழே விழுந்து, தரைக்கு வராமல் நூலில் தொங்கின. ஈயை வாயில் வைத்தபடியே நூலைப் பிடித்து மேலே ஏறி இலைக்கடியில் போய்விட்டது. மோட்டார் ஓடி வாய்க்கால் வழிந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

இத்தனூண்டு காலை வச்சிக்கிட்டு எப்படி அவ்வளவு தூரம் குதிக்குது?

பொக்லைன் பார்த்திருப்பீர்கள், பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிக்குப் போனால் வரிசையாக நிற்கும். அந்தக் கை எப்படி நீளுகிறது? குழாய்க்குள் எண்ணெயை அழுத்தித் தள்ளி. சிலந்தியின் காலும் அதே கணக்குதான். காலை மடக்கத் தசை உண்டு, ஆனால் முக்கியமான இரண்டு மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசையே கிடையாது. உடம்பில் இருக்கிற இரத்தம் போன்ற திரவத்தைக் காலுக்குள் அழுத்தித் தள்ளித்தான் நீட்டுகிறது. குதிக்கும்போது அந்த அழுத்தம் ஒரே நொடியில் பின்னங்கால்களுக்குள் பாயும், கால் விறைத்து நீளும், ஆள் காற்றில். வெட்டுக்கிளி மாதிரி தடித்த தொடை இதற்குத் தேவையே இல்லை.

செத்த சிலந்தி ஏன் எப்போதும் எட்டுக் காலையும் மடக்கிச் சுருண்டு கிடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அழுத்தம் போய்விட்டது, மடக்குகிற தசை மட்டும் மிச்சம்.

நான் எங்க நகர்ந்தாலும் திரும்பித் திரும்பிப் பார்க்குதே?

ஆமாம், நிஜமாகவே உங்களைத்தான் பார்க்கிறது. எட்டுக் கண். முன்னால் நடுவில் இருக்கிற இரண்டு பெரிய கண்கள்தான் உற்றுப் பார்க்க, மற்றவை சுற்றிலும் எது அசைகிறது என்று காவல் காக்க. பெரிய கண்ணின் வில்லை தலையில் அசையாமல் பதிந்திருக்கிறது, ஆனால் உள்ளே அதற்குப் பின்னால் நீளமான குழாய், அதன் அடியில் விழித்திரை, அந்தக் குழாயைத் தசைகள் உள்ளேயே இப்படியும் அப்படியும் திருப்பும். அதாவது முகத்தைத் திருப்பாமலே கண்ணைச் சுழற்ற முடியும். மேலே சொன்ன மஞ்சள் டெலமோனியா மாதிரி வெளிர்நிறச் சிலந்திகளில் உள்ளே ஏதோ கருப்பாக நகர்வது வெளியிலிருந்தே தெரியும்.

தூரத்தை அளக்கிற விதம் இன்னும் அழகு. அந்த விழித்திரை நான்கு அடுக்கு. பச்சை ஒளி ஒரு அடுக்கில் தெளிவாக விழும்போது அதற்கு மேல் அடுக்கில் மங்கலாக விழும், எவ்வளவு மங்கல் என்பதை வைத்தே இரை எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடுகிறது. 2012இல் ஜப்பான் ஆய்வாளர்கள் ஹசாரியஸ் அடன்சோனி என்ற வீட்டுச் சிலந்தியைச் சிவப்பு விளக்கில் குதிக்கவிட்டுப் பார்த்தார்கள். பச்சை இல்லாததால் கணக்குத் தப்பி, இரைக்கு முன்னாலேயே போய் விழுந்தது.

அந்த நீலம் எதுக்கு? நமக்காகவா?

நமக்காக இல்லை, அதில் முக்கியமான பங்கு நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மினுமினுப்பு உடம்பை மூடியிருக்கிற நுண்ணிய செதில்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது, அதனால்தான் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. ஆண் சிலந்தியின் உடம்பு புற ஊதா பி கதிரையும் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறது. வெயிலில் நின்றால் நம் தோலைச் சுடுகிற அதே கதிர்.

2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதே ஃபின்டெல்லா விட்டாட்டாவை வைத்துத்தான் நடந்தது. ஒரு பெண் சிலந்திக்கு முன்னால் இரண்டு ஆண்கள். ஒருவனுக்கு முன்னால் புற ஊதா பி-யை வடிகட்டிவிடுகிற தகடு, இன்னொருவனுக்கு முன்னால் அதை விட்டுவிடுகிற தகடு. நம் கண்ணுக்கு இருவரும் ஒரே மாதிரி. பெண்ணோ அந்தக் கதிர் மின்னுகிறவனைத்தான் அதிகம் தேர்ந்தெடுத்தது. அந்தக் கதிரை ஒரு உயிரினம் துணை தேட உபயோகிக்கிறது என்பது அதுவரை யாரும் எதிர்பார்க்காத சங்கதி. நாம் 'ஆகா என்ன கலர்' என்று வாயைப் பிளந்துகொண்டிருக்கிறோம், அவர்கள் நமக்குத் தெரியாத இன்னொரு கலரில் சம்பந்தம் பேசி முடித்துவிடுகிறார்கள்.

பைக் கண்ணாடி மேல ஒண்ணு கையைத் தூக்கித் தூக்கி ஆடுச்சு, பைத்தியமா?

கண்ணாடியில் தெரிந்த தன்னையே எதிரி என்று நினைத்திருக்கும். ஆண்கள் சந்தித்தால் முன்னங்காலை விரித்துத் தூக்கி, பக்கவாட்டில் நடந்து, 'நான்தான் பெரியவன்' என்று காட்டுவார்கள், ஒருவன் விலகிப் போவான். கண்ணாடிக்காரன் மட்டும் விலகவே மாட்டான், பாவம். பெண்ணின் முன்னால் ஆடும்போதும் கிட்டத்தட்ட இதே கைதூக்கல்தான், ஆட்டம் பிடிக்காவிட்டால் ஆடினவனே சாப்பாடாகிப் போவதும் உண்டு. பைக்கை எடுப்பதற்கு முன் ஒரு இலையைக் காட்டி ஏற்றி இறக்கிவிடுங்கள்.

மாமரத்துக்கு நல்லதா? தத்துப்பூச்சியைத் தின்னுமா?

தின்னும். ஆனால் இதை நம்பி மருந்தையே விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூ எடுக்கிற தை, மாசியில் பூங்கொத்தை உலுக்கினால், பூவின் சாற்றை உறிஞ்சுகிற இந்தத் தத்துப்பூச்சி பொரி மாதிரி தெறிக்கும். வளர்ந்த தத்துப்பூச்சியே கிட்டத்தட்ட ஜிகினா அளவு, இது பிடிப்பது பெரும்பாலும் சின்னக் குஞ்சுகளையும் ஈக்களையும்தான். நல்லது கெட்டது பார்க்காது, பூவுக்கு வருகிற சின்ன ஈயையும் பிடிக்கும், அந்த ஈயும் நமக்கு மகரந்தம் சேர்க்கிற ஆள்தான்.

ஆனால் மருந்து அடிக்கிற விஷயத்தில் ஒரு பாடம் பட்டேன். ஒரு வருடம் பயத்தில், கடைக்காரர் கலந்து கொடுத்ததையெல்லாம் மூன்று தடவை அடித்தோம். தத்துப்பூச்சி போனது, சிலந்தியும் போனது. இரண்டு வாரத்தில் பக்கத்துத் தோப்பிலிருந்து தத்துப்பூச்சி திரும்பி வந்துவிட்டது, இலையெல்லாம் கரும்பூஞ்சை. சாப்பாடு வந்து பெருகிய பிறகுதான் சாப்பிடுகிற ஆள் பெருக முடியும், சிலந்தி எப்போதும் ஒரு சுற்று பின்னால்தான் வரும். அந்தக் கறிவேப்பிலையில் அடுத்த ஜிகினாவைப் பார்க்க ஆடி ஆகிவிட்டது. இப்போது கொத்தைத் தட்டிப் பார்த்து, தேவையான மரத்துக்கு மட்டும், தேவையான நேரத்தில் அடிக்கிறோம். வேலியோரம் இரண்டு வரிசை எதுவும் அடிப்பதில்லை.

முசுறு மாதிரியே ஒரு சிலந்தி பார்த்தேன், நிஜமா?

நிஜம். மாமரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகிற முசுறு எறும்புக் கூட்டத்துக்கு ஓரமாகத் திரியும் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்ற தாவும் சிலந்தி அது. செம்பழுப்பு நிறம், ஒல்லி இடுப்பு, எல்லாமே எறும்பு. எறும்புக்கு உணர்கொம்பு இருக்கிற இடத்தில் முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டு ஆறு காலில் நடக்கும். ஆணுக்கு முன்தாடை நீண்டு, ஒரு எறும்பு இன்னொரு எறும்பைத் தூக்கிப் போகிற மாதிரி இருக்கும். முசுறுவைச் சாப்பிட யாரும் விரும்புவதில்லை, அதனால் வேடம். சந்தேகமாக இருந்தால் இலையைத் தட்டுங்கள்: நூலில் தொங்கினால் சிலந்தி, உங்கள் கையைக் கடித்தால் முசுறு.

எறும்பு வேடம் போடுகிற இன்னொரு தாவும் சிலந்தி, டாக்ஸியஸ் மேக்னஸ், தன் குஞ்சுகளுக்குப் பால் போன்ற ஒரு திரவம் கொடுத்து வளர்ப்பதாக 2018இல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுச் சுவரில் சாம்பல் கலரில் ஓடுறதும் இதேதானா?

அதே குடும்பம், வேறு இனம். சுவரில் ஒட்டினாற்போல் தட்டையாக, சாம்பலாக இருந்தால் மெனிமெரஸ். கொஞ்சம் பெரிதாய், கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டிருந்தால் பிளெக்சிப்பஸ். இரண்டும் கொசு, ஈ தின்னும், ஒட்டடை கட்டாது. துடைப்பத்தோடு துரத்த வேண்டாம்.

ஆஸ்திரேலியா மயில் சிலந்தி நம்ம ஒகேனக்கல் காட்டில் இருக்கா?

இல்லை.

பாட்டிலில் போட்டு வளர்க்கலாமா?

அக்கா பையன் செய்தான். ஊறுகாய் பாட்டில், மூடியில் ஊசி ஓட்டை, உள்ளே ஒரு இலை. மூன்றாம் நாள் அது மூடிக்கடியில் பை கட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. தினம் உயிருள்ள சின்ன ஈ வேண்டும், ஒரு சொட்டு தண்ணீர் வேண்டும். இன்னொரு விஷயம், சாதாரணக் கண்ணாடி புற ஊதா பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பாட்டிலுக்குள் இருக்கிற ஆண் என்ன ஆடினாலும் முக்கியமான நகையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுகிற கதைதான். ஆயுளே கிட்டத்தட்ட ஒரு வருடம், அதையும் ஊறுகாய் வாசனையில் கழிக்க வேண்டுமா என்று கேட்டேன், அவனே கொண்டுபோய் விட்டுவிட்டான்.

போன்ல போட்டோ எடுத்தா மங்கலாவே வருது?

கிளிப் மாட்டுகிற சின்ன மேக்ரோ லென்ஸ் வாங்குங்கள். நிழல் அதன்மேல் விழாமல் பக்கத்திலிருந்து மெதுவாகப் போங்கள், மூச்சுக்காற்று பட்டால் ஓடிவிடும். எடுத்தவுடன் சூம் செய்து கண்ணைப் பாருங்கள், கண் தெளிவாக இருந்தால் மற்றது எப்படி இருந்தாலும் படம் நன்றாக இருக்கும்.

கையில் ஏறிடுச்சு, இப்போ என்ன செய்யறது?

உதறாதீர்கள். விரல் நுனியை ஒரு இலைக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். நுனிவரை நடந்து வரும், நிற்கும், தலையைத் தூக்கி இலையைப் பார்க்கும், திரும்பி உங்களை ஒரு தடவை பார்க்கும், மறுபடி இலையைப் பார்க்கும். அப்புறம் விரலில் இருக்காது. வெயில் பக்கமாகக் கையைச் சாய்த்தால் உங்கள் நகத்திலிருந்து அந்த இலைக்கு ஒரு நூல் போவது தெரியும்.